முதலாவது செத்ததா என்று பார்த்து வாங்க

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னைக் கண்டால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "சேர், டைம் அவுட் எவ்வளவு போடுறது?" ஒரு சேர்வர் எவ்வளவு நேரம் வாய் திறக்காவிட்டால் மற்ற சேர்வர் அதன் வேலையைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறீர்கள். அது கம்பனிக்காரன் தந்த புத்தகத்திலேயே இருக்கிறது. ஓய்வு பெற்ற மனுசனிடம் கேட்பதென்றால் புத்தகத்தில் இல்லாததைக் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன், பென்சன்காரனுக்கு வேறு என்ன வேலை.

நான் வேலை செய்தது கல்முனைப் பக்கம், கடலுக்குக் கிட்ட இருந்த ஓர் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில். பெயர் வேண்டாம். சுனாமியில் கடல் வந்து போனபோது எங்கள் கீழ்த்தளம் முழுவதும் உப்புத்தண்ணீர். நோயாளிகளின் கோப்புகளை மொட்டைமாடியில் காயப்போட்டு, மேலே கல் வைத்து, காகம் விரட்டிக்கொண்டு நின்றோம். பிறகு வெளிநாட்டு உதவி வந்தது. கூடாரம் வந்தது, படகு வந்தது, எங்கள் வெயிலுக்கு ஒருவரும் போட முடியாத கம்பளிச் சட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. கடைசியில் எங்களுக்கு இரண்டு சேர்வரும் வந்தன.

இரண்டும் சேர்ந்தது ஒரு கிளஸ்டர். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கிக்கொள்ளும் என்பதுதான் ஏற்பாடு. தண்ணீருக்குப் பயந்து இரண்டையும் மேல்மாடிகளில் வைத்தோம். முதலாவது, முற்றத்துக்கு அப்பால் இருந்த பழைய கட்டடத்தில். இரண்டாவது, புதுக் கட்டடத்தில் நாங்கள் இருந்த அறையில். இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் பெட்டி. அதில் இருந்தவற்றில் முக்கியமானது இரத்த வங்கியின் புரோகிராம்: எந்தப் பையில் என்ன இரத்தம், எது பரிசோதித்துச் சரிகண்டது, எது ஒதுக்கவேண்டியது, அரிய வகை இரத்தம் உள்ளவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட எந்த நம்பர் என்பதெல்லாம் அங்கேதான்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண். பெயரைச் சொன்னால் கோபிப்பார், அதனால் மிஸ் என்றே சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பணிப்பாளர் முதல் வாசல்காவலாளி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மருதமுனைக்காரி, என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். பிளேன்டீயை வாங்கி வைத்து, நன்றாக ஆறிய பிறகுதான் வாயில் வைப்பார். தேத்தண்ணியும் சரி, முடிவும் சரி, சூட்டோடு ஒன்றையும் எடுக்க மாட்டார் என்று நௌபர் பகிடி பண்ணுவான்.

நௌபர் எங்கள் மூவரில் இளையவன். சாய்ந்தமருதுப் பையன். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். கீபோர்டில் அவன் விரல் ஓடுவதைப் பார்த்தால் றபான் மேளம் அடிக்கிறவர்கள் வெட்கப்படுவார்கள். நிந்தவூரில் கலியாணம் முடித்திருந்தான். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகவேண்டும். அதனால் என்னுடைய ஊருக்கே வந்து சேர்ந்து, தினமும் என்னோடு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவான். வாய் ஓயாது. அவன் வராத நாட்களில் பஸ் எனக்கு நீளமாகத் தெரியும்.

பெக்கேஜ் என்றால் என்னவென்று மிஸ் எனக்குப் புரியவைத்ததும் அந்த மாப்பிள்ளை வழக்கத்தைக் காட்டித்தான். "புரோகிராம்தான் மாப்பிள்ளை. அவர் மட்டும் வீடு மாறினாக் காணுமா? அவர்ட பெட்டி வரணும், அவருக்குக் கடிதம் வாற விலாசம் வரணும், அந்த வீட்டில விடியக்காலம என்ன முதல்ல செய்யுற, பொறகு என்ன செய்யுற எண்டுற ஒழுங்கு வரணும். எல்லாத்தையும் ஒரு மூட்டையாக் கட்டினாத்தான் அது பெக்கேஜ்." டிஸ்க், முகவரி, தொடங்குகிற ஸ்கிரிப்ட், நிறுத்துகிற ஸ்கிரிப்ட் எல்லாம் அந்த மூட்டைக்குள். நீங்கள் எல்லோரும் தொடங்குகிற ஸ்கிரிப்டைத்தான் உயிரைக் கொடுத்து எழுதுகிறீர்கள். நிறுத்துகிற ஸ்கிரிப்டை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளையை வரவேற்கத்தான் பந்தல் போடுவோம், தாய்வீட்டிலிருந்து பெட்டி ஒழுங்காக இறங்கியதா என்று யார் பார்க்கிறார்கள்?

நாங்களும் பார்க்கவில்லை. மாதம் ஒருமுறை சோதனை செய்வோம், அது உண்மை. ஆனால் எப்போது? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் அந்த நேரம் கிளினிக் எல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆண்கள் பள்ளிக்குப் போய்விடுவார்கள், கவுன்டர்களில் ஆளிருக்காது. யாருக்கும் தொந்தரவு இல்லாத நேரம் என்று எல்லோருமாகச் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. நானும் நௌபரும் தொழுதுவிட்டு, வரும் வழியில் புரியாணிப் பொதி வாங்கிக்கொண்டு வருவோம். அதற்குள் மிஸ் பெக்கேஜை முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றி, திரும்பவும் முதலாவதுக்கே கொண்டுபோயிருப்பார். "போய்ட்டு வந்திட்டு, ஒரு சத்தமும் இல்ல" என்பார். பொதியை விரிப்போம். ஒருமுறைகூடப் பிழை வந்ததில்லை. ஆளில்லாத வீட்டில் பெட்டி தூக்குவது இலேசுதானே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது யுத்தம் முடிகிற காலம். வடக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட காயக்காரர்கள் சிலரைப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைத்து, படியடியில் ஆமி காவல் போட்டிருந்தார்கள். முதலாவது சேர்வர் அந்தப் படிக்கு மேலே இருந்தது. முன்கூட்டியே சொல்லி, அனுமதிக் கடிதம் எடுத்துத்தான் போவோம்.

சம்பவம் நடந்தது ஒரு திங்கட்கிழமை காலை. கிளினிக் நாள். பொத்துவில்லிலிருந்தும் வந்த சனம் வாசலைத் தாண்டி ரோட்டு வரைக்கும் நின்றது. எல்லாக் கவுன்டரிலும் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாவது சேர்வரின் வலையட்டை பழுதாகிவிட்டது. வெளியே அதோடு யாரும் கதைக்க முடியவில்லை. சேர்வர்கள் இரண்டையும் இணைக்கிற தனிக் கம்பி மட்டும் வேலை செய்தது. கிளஸ்டர் தன் கடமையைத்தான் செய்தது: பெக்கேஜை முதலாவதில் நிறுத்து, இரண்டாவதில் தொடங்கு. நிறுத்துகிற ஸ்கிரிப்ட் ஓடியது. புரோகிராம் நின்றது. ஆனால் டிஸ்க் விடுபடவில்லை. கவுன்டர்களில் இருந்தவர்களுக்காகத் திறந்திருந்த ஏதோ ஒரு வேலை இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்ட் கொஞ்சம் பார்த்தது, கையை விரித்தது. "டிஸ்க்கை விடுவிக்க முடியவில்லை" என்ற செய்தி மட்டும் எங்கள் திரையில் வந்தது. டிஸ்க் விடுபடாத பெக்கேஜை மற்ற சேர்வர் தொடாது. அது பிழை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆக, முதலாவதிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. இரத்த வங்கித் திரை வெள்ளையாகிப் போனது.

மிஸ் செய்தியை இரண்டாவது தடவை வாசித்துக்கொண்டிருக்கும்போது நௌபர் ஓடி வந்தான். காலையில் அவன் என்னோடு பஸ்ஸில் வரவில்லை. மனைவி சிபானாவைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்து, கீழே வார்டில் நின்றவன். பிள்ளை பிறந்துவிட்டது. ஆனால் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அவளுடையது ஓ நெகட்டிவ். வங்கியில் இருந்ததை ஏற்றிவிட்டார்கள், இனி இல்லை. மட்டக்களப்புக்கு ஆள் போயிருக்கிறது, ஆனால் அந்தக் காலத்தில் வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்று உங்கள் வாப்பாமாரைக் கேளுங்கள். கிட்டடியில் அந்த வகை உள்ளவர்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டிய நம்பர்கள் வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருந்தன.

அவன் மிஸ்ஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது சேர்வருக்கு முன்னால் உட்கார்ந்தான். விரல்கள் ஓடின.

"மிஸ், டிஸ்க்க போர்ஸ் பண்ணி இதில எடுப்பம். ஒரே ஒரு கொமாண்ட். அடிச்சிட்டன், என்டரத் தட்டினாச் சரி."

"கைய எடு, மனே."

"மிஸ், உள்ளுக்க கிடக்கிறது என்ட பொஞ்சாதி."

"தெரியும். கைய எடு."

அவன் கை என்டருக்கு மேலே நின்றது. மிஸ் எழுந்து வந்து தன் உள்ளங்கையை கீபோர்டுக்கும் அவன் கைக்கும் இடையில் வைத்தார். நான் மிஸ்ஸோடு வேலை செய்த காலம் முழுவதும் அவர் ஒரு ஆணின் கைக்கு அவ்வளவு கிட்டத்தில் கை வைத்ததை அன்றைக்கு மட்டும்தான் கண்டேன்.

"முதலாவது இன்னும் எழுதுதா, இல்லையா? உனக்குத் தெரியுமா?"

"தெரியா."

"எனக்கும் தெரியா. அது செத்துட்டா, இல்லாட்டி வாய் மட்டும் அடைச்சிருக்கா எண்டு இந்த அறையில இருக்கிற ஒருத்தருக்கும் தெரியா. ரெண்டும் ஒரே டிஸ்க்கில எழுதினா என்ன நடக்கும்?"

அது நௌபருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டிஸ்க் உடனே சத்தம் போட்டு உடையாது. உடைந்தால் நல்லது. எல்லாம் சரிபோலவே இருக்கும். ஒருவரின் வரியில் இன்னொருவரின் முடிவு போய் உட்கார்ந்துவிடும். ஒதுக்கவேண்டிய பை நல்ல பையாகத் தெரியும். என்றைக்கு, யாருக்கு அது ஏற்றப்படும் என்று சொல்ல முடியாது.

அந்த நேரம் பணிப்பாளர் வந்துவிட்டார். கையில் இருந்த போனில் கொழும்பிலிருந்து கம்பனி என்ஜினியர். ஸ்பீக்கரில் போட்டார். "போர்ஸ் பண்ணுங்க, பெரும்பாலும் ஒண்டும் ஆகாது" என்றது போன்.

"பெரும்பாலும் எண்டா?" என்று மிஸ் கேட்டார்.

பணிப்பாளர் குறுக்கிட்டார். "மிஸ், ஒரு தாய்ட உயிர். நான் பொறுப்பு எடுக்கிறன்."

"நீங்க எடுப்பீங்க சேர். எனக்குத் தெரியும். ஆனா அதச் சுமக்கப்போறது நீங்க இல்ல."

பணிப்பாளரிடம் அப்படிக் கதைத்தவர்களை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் என் மனம் நௌபர் பக்கம்தான் நின்றது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

மிஸ் கையை எடுக்காமலே எங்களுக்கு வேலை பிரித்தார்.

"ரெத்தம் வேற வேல, சேர்வர் வேற வேல. ரெண்டையும் ஒண்டாக் கட்டாதீங்க. சேர், நீங்க பெரிய பள்ளிக்குக் கோல் எடுங்க, பாங்கு சொல்ற மோதினார லவுட்ஸ்பீக்கர்ல சொல்லச் சொல்லுங்க. பாண்டிருப்புக் கோயிலுக்கும் சொல்லுங்க. ஓ நெகட்டிவ் எண்டு தெரிஞ்ச ஆக்கள் மட்டும் எண்டு அழுத்திச் சொல்லுங்க, இல்லாட்டி ஊரே வந்திரும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பழைய கட்டடத்துக்குப் போங்க. முதலாவது செத்ததா எண்டு பார்த்து வாங்க. சாகல்லெண்டா, சாகடிச்சிட்டுச் சொல்லுங்க."

நான் முற்றத்தைக் கடந்து ஓடினேன். கடிதமும் இல்லை, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. படியடியில் நின்ற ஆமிக்காரன் சின்ன வயதுப் பையன். தோளில் தொங்கிய துவக்கைக் குறுக்கே பிடித்தான். என்னுடைய சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்குகிற அளவுக்குத்தான். அவசரத்தில் அதுவும் காலை வாரிவிட்டது. கொல்ல வேண்டும் என்பதற்கான சொல் மட்டும் சுத்தமாக வாயில் வந்தது. "மேலே ஒன்று இன்னும் உயிரோடு கிடக்கிறது, நான் போய்க் கொல்ல வேண்டும்" என்று, காயக்காரர்கள் படுத்திருக்கிற கட்டடத்தின் வாசலில் நின்று, யுத்த காலத்தில், ஓர் ஆமிக்காரனிடம் சொன்ன ஒரே மனுசன் நான்தான். துவக்கு என் நெஞ்சுக்கு நேரே திரும்பியது.

கையை உயர்த்திக்கொண்டு, கம்பியூட்டர், கம்பியூட்டர் என்று கத்தினேன். பிறகு தியேட்டர் பக்கம் கையைக் காட்டி, "அம்மா, பபா, லே" என்றேன். தாய், குழந்தை, இரத்தம். அந்த மூன்று சொல் அவனுக்குப் போதுமாக இருந்தது. தன் மேலதிகாரியைக் கூடக் கேட்கவில்லை. என் தோளில் கையைப் போட்டு எனக்கு முன்னால் இரண்டு இரண்டு படியாகத் தாவினான். அவன் எந்த ஊரோ, இப்போது எங்கே இருக்கிறானோ, நல்லாயிருக்கட்டும்.

அறையைத் திறந்தால், முதலாவது சேர்வர் செத்துப்போகவில்லை. திரையில் எழுத்துகள் அசைந்துகொண்டிருந்தன. டிஸ்க் விளக்கு பச்சையாகப் படபடத்துக்கொண்டிருந்தது. அது எழுதிக்கொண்டுதான் இருந்தது.

போனை எடுத்துச் சொன்னேன். "மிஸ், இது உயிரோட இரிக்கி. எழுதுது."

"சரி. வயர இழுங்க."

அந்தச் சேர்வருக்கு மின்சாரம் இரண்டு வயரில் வரும், ஒன்று போனாலும் நிற்காமலிருக்க. அதன் பின்னால் சாய்ந்து, முட்டி அடிபட்டு, இரண்டையும் பிடுங்கினேன்.

"இழுத்திட்டன்."

"ரெண்டு வயருமா?"

"ரெண்டும்."

"லைட் ஏதும் எரியுதா?"

"இல்ல மிஸ்."

"ஃபேன் சத்தம்?"

காதை வைத்துக் கேட்டேன். ஆமிக்காரனும் என்னோடு சேர்ந்து காதை வைத்தான். "இல்ல மிஸ். செத்திட்டு."

போனுக்கு அந்தப் பக்கம் மிஸ் நௌபரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "இப்ப தட்டு, மனே. பிஸ்மி சொல்லித் தட்டு."

அதன்பிறகும் உடனே வரவில்லை. இடையில் அறுந்த டிஸ்க்கை இரண்டாவது சரிபார்த்து எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் லவுட்ஸ்பீக்கர் தன் வேலையைக் காட்டியது. மிஸ் எவ்வளவு அழுத்திச் சொல்லச் சொல்லியும் ஊரே வந்துவிட்டது. தன் வகை என்னவென்றே தெரியாத பாதிப்பேர், ஓ பொசிட்டிவ் கால்வாசிப்பேர், சும்மா பார்க்க வந்தவர்கள் மிச்சம். அவர்களில் ஒருவர், கை நிறைய மீன் செதிளோடு, சந்தையிலிருந்து அப்படியே வந்த மீன் வியாபாரி. ஓ நெகட்டிவ். அவரைக் கழுவித் துடைத்துக் கட்டிலில் போட்டபோது எங்கள் திரையும் வந்துவிட்டது. அதிலிருந்து எடுத்த நம்பருக்கு இரத்த வங்கிக்காரர் கோல் எடுக்க, சொறிக்கல்முனையில் வயலில் நின்ற ஒருவர் சேற்றுக் காலோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

சிபானா பிழைத்தாள். அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை ஆண்.

சேர்வர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். நிறுத்துகிற ஸ்கிரிப்டைத் திருப்பி எழுதினோம். டிஸ்க்கை யார் பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கும், சொல்லிவிட்டு வெளியேற்றும், பிறகுதான் டிஸ்க்கை விடுவிக்கும். சோதனையை வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை காலைக்கு மாற்றினோம், கிளினிக் நிரம்பி வழியும் நேரத்துக்கு. கவுன்டர்க்காரர்கள் எங்களைக் கண்டபடி ஏசினார்கள். ஏசட்டும். ஏச்சு விழாத நேரத்தில் செய்த சோதனை சோதனை இல்லை. புரியாணிதான் நின்றுபோனது.

நௌபர் மிஸ்ஸோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நேரே கதைக்க மாட்டான். "காக்கா, மிஸ்ஸிட்டச் சொல்லுங்க, பெக்கப் முடிஞ்சிட்டு" என்று அண்ணன் முறை வைத்து என்னிடம் சொல்வான், மிஸ் பக்கத்துக் கதிரையில் இருப்பார். "அவனிட்டச் சொல்லுங்க, எனக்குக் கேட்டிட்டு" என்பார் மிஸ். வலையட்டை பழுதாகிப்போன இரண்டு பேருக்கு இடையில் தனிக் கம்பியாக நான். பஸ்ஸிலும் அவன் வாய் திறப்பதில்லை. ஒருநாள் மட்டும் சன்னலைப் பார்த்துக்கொண்டு, "அவக்கு டிஸ்க்தான் பெரிசு காக்கா" என்றான். டிஸ்க்கில் இருப்பதும் மனிதர்கள்தான் என்று சொல்ல வாய் வந்தது, அவன் கண்ணைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் வந்தது. நிந்தவூரில் சிபானாவின் வீட்டில் சாப்பாடு. நௌபர் மிஸ்ஸைக் கூப்பிடவில்லை. சிபானா கூப்பிட்டிருக்கிறாள், அவனுக்குச் சொல்லாமல். மிஸ் வந்து இறங்கியபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியாது. "வாங்க மிஸ்" என்றான். அத்தனை நாளுக்குப் பிறகு நேரே சொன்ன முதல் சொல் அதுதான்.

மிஸ்ஸோடு ஒரு சின்னப் பெண்பிள்ளையும் வந்திருந்தது. மிஸ்ஸின் ராத்தாவின், அதாவது அக்காவின், மகள் ஹஸ்னா. வந்ததும் வராததுமாகத் தொட்டிலடிக்கு ஓடிவிட்டது.

சாப்பிட்டு, கை கழுவி, நாங்கள் மூன்று பேரும் பின்பக்கம் தென்னைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். வெற்றிலைத் தட்டம் நடுவில் இருந்தது, ஒருவரும் தொடவில்லை. நௌபர் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டான்.

"மிஸ், ஒண்டு கேக்கணும். அண்டைக்கு ரெத்தம் கிடைக்காம அவ மௌத்தாகியிருந்தா?"

"நீ என்னோட ஹயாத்து முழுக்கக் கதைச்சிருக்க மாட்டாய்."

"அப்பவும் தட்ட விட்டிருக்க மாட்டிங்களா?"

"விட்டிருக்க மாட்டன், மனே."

அவன் எழுந்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன். மிஸ் உள்ளே தொட்டிலடியில் நின்ற ஹஸ்னாவைக் காட்டினார். குரலைத் தாழ்த்தினார், பிள்ளைக்குக் கேட்காமலிருக்க.

"கடல் வந்த அண்டு இவளக் காணல்ல. அடுத்த நாள் ஆஸ்பத்திரி முன்னுக்கு மௌத்தான ஆக்கள்ட மையித்துகள வரிசையா வச்சிருந்தாங்க. இவட உயரத்தில ஒரு புள்ள கிடந்திச்சி. இவள்ட மாதிரி நீலச் சட்ட. முகத்தில ஒண்டும் இல்ல, பாத்து அறிய ஏலாது. ராத்தா மயங்கிக் கிடக்கா. ஆக்கள் சுத்தி நிண்டு கெதியாச் சொல்லுங்க, கெதியாச் சொல்லுங்க எண்டு நிக்கிறாங்க. அவங்களையும் பிழ சொல்ல ஏலாது, அடக்கணுமே. நான் எங்கட புள்ளதான் எண்டு சொல்லிட்டன். பெரும்பாலும் அவள்தான் எண்டு எனக்குப் பட்டிச்சி. நான்தான் குளிப்பாட்டினன். இவள்ட பேரச் சொல்லி அடக்கினாங்க."

நௌபர் மெல்ல உட்கார்ந்தான்.

"பொறகு சம்மாந்துறையில ஒரு முகாமில இருந்து இவ வந்தா. யாரோ தூக்கிப் போயிருக்காங்க. ஊரே அழுது சிரிச்சிச்சி. நானும்தான். எனக்கென்ன நட்டம்? எங்கட புள்ள வந்திட்டு." முந்தானையை இழுத்து வாயைத் துடைத்தார். "எத்தினயோ நாளைக்குப் பொறகுதான் எனக்குத் தட்டினிச்சி. அப்ப நான் குளிப்பாட்டினது யார்ட புள்ள? அதுட உம்மா அடுத்த நாள் வந்திருப்பா. வரிசையில ஒவ்வொண்டாப் பாத்திருப்பா. நான் எடுத்துட்டுப் போயிட்டன். அவ இண்டைக்கும் எங்கயோ தேடிட்டுத்தான் இரிப்பா, மனே. நானும் கேக்காத இடமில்ல. கிடைக்கல்ல."

உள்ளே குழந்தை அழுதது. ஹஸ்னா, "சாச்சி, இவன் என்ட விரலப் பிடிச்சிட்டான்" என்று கத்தினாள். மிஸ் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார்.

நௌபர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். குழந்தையைத் துணியோடு தூக்கி வந்து மிஸ்ஸின் மடியில் வைத்தான். அவர் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"மிஸ், மோதினார் இன்னும் போகல்ல, முன்னுக்குத்தான் இருக்காரு. நீங்க அடக்கின அந்தப் புள்ளக்கு இண்டைக்கு இங்கயே குர்ஆன் எடுத்து ஒரு கத்தம் ஓதுவம்."

"ஓதுவம்" என்றார் மிஸ். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆனா யார்ட பேருக்கு எண்டு கேப்பாரே மனே. என்ன பேரச் சொல்ற?"